அப்பாயியின் பெட்டியில் இருந்த பாஸ்போட்: வெளிநாட்டுக் கொள்கை மாறுவது எப்படி?

அப்பாயியின் தகரப் பெட்டியில் ஓர் இந்தியப் பாஸ்போட் இருக்கிறது. உள்ளே ஒரு பக்கத்தில்கூடக் குடிவரவு முத்திரை இல்லை. படத்தில் அப்பாயிக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற மாதிரி ஒரு களைப்பு முகத்தில். அதற்கு அடியில், நான்காக மடித்த இன்னொரு தாள்: 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைப் பிரஜையாவதற்கு அவர் கைநாட்டு வைத்த பத்திரத்தின் பிரதி.

அக்கா மகள் இந்த முறை உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். வெளிநாட்டுக் கொள்கைப் பாடத்தில் ஒரு சந்தேகம் என்று கொப்பியோடு வந்தாள். நான் பாடத்தைத் தொடாமல் பெட்டியைத் திறந்து காட்டினேன். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்தியா நம்மள வான்னுச்சா, வராதன்னுச்சா மாமா?" என்று கேட்டாள்.

நாங்கள் மலையகத் தமிழர், வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். எங்களிடம் இந்தியா இரண்டையும் சொன்னது, வெவ்வேறு காலத்தில். அது ஏன் என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். "இந்தியா நம்மைக் கைவிட்டது", "இந்தியா நமக்காக வந்தது" என்றெல்லாம் பேசுகிறோம், ஏதோ கோபித்துக்கொண்டு போன பெரியப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல. நாடு ஓர் ஆள் கிடையாது. பிரதமர், வெளிவிவகார அமைச்சு, இராணுவம், உளவுத்துறை, மாநில அரசுகள், அடுத்த தேர்தல் எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் வந்து நிற்கிற முடிவுக்குத்தான் கொள்கை என்று பெயர். அந்த இழுப்பில் எது வலுக்கிறதோ அதன் பக்கம் கொள்கை சாயும். பெரும்பாலும் வலுக்கிறது பயம். அதனால், ஒரு நாடு அயல்நாட்டோடு இப்படி நடக்கிறதே என்று விளங்காவிட்டால், இந்த நேரத்தில் அது எதற்குப் பயப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

அயல்நாடு என்றால் பயம் இன்னும் கூடுதல். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பிராவோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கலாம். நடுச்சுவர் ஒன்று, தண்ணீர் பிடிக்கிற பீலியும் ஒன்று. அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று காது அந்தப் பக்கமேதான் இருக்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். இந்தத் தூரம் எந்த ஆட்சியிலும் மாறாது. இந்தியாவின் தெற்கு வாசலில் இருக்கிற இந்தத் தீவில், தனக்கு ஆகாத இன்னொரு வல்லரசு கால் ஊன்றிவிடக் கூடாது என்பது புதுடில்லியின் பழைய கவலை. மறுபக்கம் கொழும்புக்கு இருந்தது, பெரிய பக்கத்து வீட்டுக்காரன் நம்மை விழுங்கிவிடுவானோ என்ற பயம். 1948இல் இலங்கை கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் உள்ளூர் வாக்குக் கணக்கோடு இந்தப் பயமும் கலந்திருந்தது. தோட்டத்து வாக்குகள் எங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தன, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்திருந்தன. அந்த ஒரு சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவரானார்கள். அடுத்த வருடமே வாக்கும் போனது.

இரு நாட்டுக்கும் இடையில் முதல் பெரிய மனக்கசப்பு அங்கேதான். அப்போது நேருவின் இந்தியா எடுத்த நிலைப்பாடு தெளிவானது: இவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்கள், உங்கள் மக்கள், விரும்பி வருகிறவர்களை மட்டும் நாங்கள் ஏற்போம், மற்றவர்களைத் தள்ளிவிடாதீர்கள். 1954இல் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலவும் ஒப்பந்தம் செய்தபோதும் அடிப்படை இதுதான். ஆனால் கொள்கை நல்லதாக இருந்து என்ன? இலங்கையில் சுமார் 8 இலட்சம் பேர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்ததில், கிடைத்தது அண்ணளவாக 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். மிச்சப் பேர் இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1964. என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுவதையும் இந்த ஒரு வருடத்தை வைத்தே படிப்பித்துவிடலாம். நேரு மே மாதம் இறந்தார். ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நேரு பத்துப் பதினைந்து வருடம் விட்டுக்கொடுக்காமல் இருந்த விடயம், அவர் போய் ஐந்தே மாதத்தில் தலைகீழானது. நாடற்றவர்கள் என்று கணக்கிட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். பதினைந்து வருடத்தில் முடிக்க வேண்டும். ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்ற விகிதம்.

ஆள் மாறியதால் கொள்கை மாறியது என்று பரீட்சையில் எழுதினால் பாதிப் புள்ளிதான் கிடைக்கும். 1962இல் சீனாவோடு நடந்த போரில் இந்தியா அடிபட்டிருந்தது. அதுவரை ஆசியாவுக்கே வழிகாட்டுகிற நாடு என்று தன்னை நினைத்திருந்த இந்தியாவுக்கு, சுற்றிப் பார்த்தால் நம்பிக்கையான அயல்நாடு எது என்றே சந்தேகம் வந்தது. இலங்கையோ 1952இலிருந்தே சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டிருந்தது, 1963இல் சீனாவோடு கடல் போக்குவரத்து ஒப்பந்தமும் செய்திருந்தது. அந்த நேரத்தில் கொழும்பின் நட்பு தேவை. அதைச் சம்பாதிக்க எதைக் கொடுக்கலாம் என்று பார்த்தபோது கண்ணில் பட்டவர்கள் நாங்கள். சாஸ்திரியை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் நேர்மையான மனிதர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் அந்த ஒப்பந்தம் பிழை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து இலட்சம் பேரின் வாழ்க்கையைப் பிரித்தெடுத்த மேசையில் அந்தப் பத்து இலட்சத்தில் ஒருவருக்குக்கூட நாற்காலி போடப்படவில்லை.

எங்கள் வீட்டில் அது இப்படி நடந்தது. அப்பாயியின் அண்ணன் குடும்பத்துக்கு முதலில் பயணம் வந்தது. ஹற்றனில் கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. இங்கே விட்டுப்போன அதே கொழுந்து, அதே குளிர். அங்கே அவர்களுக்குப் பெயர் "சிலோன்காரர்". பெட்டி கட்டின அன்றைக்கு அண்ணி ஒரு பித்தளைச் சொம்பை அப்பாயி கையில் கொடுத்து, "நீயும் வரும்போது கொண்டா" என்றாராம். அப்பாயிக்கும் பாஸ்போட் வந்தது. 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. சொம்பு இப்போதும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

நடுவில் 1974ஐயும் சொல்லிவிட வேண்டும். மிச்சம் வைத்த ஒன்றரை இலட்சம் பேரை ஆளுக்கு 75 ஆயிரம் என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பிரித்துக்கொண்டார்கள். அதே வருடம்தான் கச்சதீவும் இலங்கைப் பக்கம் வந்தது. 1971 போர்க்காலத்தில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனதை இந்தியா மறந்திருக்காது. அயல்நாட்டை அணைத்து வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று அன்றைக்குக் கணக்குப் போட்டது.

அதே இந்திரா காந்திதான் பத்து வருடத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பினார். ஒரே தலைவர், ஒரே அயல்நாடு. மாறியது சுற்றுப்புறம். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தார், பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார், மேற்கு நாடுகளோடு நெருங்கினார். இந்தியா அப்போது சோவியத் பக்கம். 1983 ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு தமிழ்நாடு கொதித்தது, அகதிகள் கடல் தாண்டிப் போனார்கள். வீட்டுக்குள்ளே நெருக்கடி, வெளியே சந்தேகம். இந்தியா ஒரு கையால் பேச்சுவார்த்தைக்குத் தூதர்களை அனுப்பியது, மறு கையால் தமிழ் இயக்கங்களுக்குத் தன் மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுத்தது.

இந்தியா உண்மையில் எதற்குப் பயந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டுமா? 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் செய்த ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படியுங்கள். ஒப்பந்தத்தில் வடக்கு, கிழக்கு, மாகாண சபை, ஆயுதக் கையளிப்பு எல்லாம் வருகின்றன. அதைத்தான் எல்லோரும் பேசுவோம். கடிதங்களில் வருவது வேறு: திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் விடக் கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து நடத்த வேண்டும், இலங்கையில் உள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது. அக்கா மகள் இதை இரண்டு தடவை வாசித்தாள். தமிழருக்காக என்று தொடங்கிய ஒரு காரியத்துக்குள் எண்ணெய்த் தாங்கி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அதிர்ச்சி. தமிழருக்காகவும்தான், எண்ணெய்த் தாங்கிக்காகவும்தான் என்றேன். அன்றைய இந்தியாவில் எங்கள் கஷ்டத்தை உண்மையாகவே நினைத்து வருந்தியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த வருத்தம் கொள்கையாக மாறுவதற்குப் பாதுகாப்புக் கணக்கும் கூடி வர வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தில்தான் எங்கள் பிரஜாவுரிமைப் பிரச்சினையும் முடிவை நோக்கி நகர்ந்தது. 1985 திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் ஒன்று, இந்தத் தீவைத் தாயகமாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் பிரஜாவுரிமை. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1986லும் 1988லும் சட்டங்கள் வந்தன. இது இந்தியாவின் நெருக்குதலால் மட்டும் நடந்தது என்று சொல்வது, தோட்டங்களில் தொழிற்சங்கங்களும் மக்களும் செய்ததை மறைப்பதாகும். 1986 ஜனவரியில் வேலைக்குப் போகாமல் நடத்திய பிரார்த்தனைப் போராட்டத்தைப் பற்றி அப்பா இன்றைக்கும் சொல்வார்: "கத்தியும் எடுக்கல, கல்லும் எடுக்கல, கோயில்ல உக்காந்தோம்."

1987க்குப் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். சமாதானம் காக்க வந்த இந்திய இராணுவம் விடுதலைப் புலிகளோடு போர் செய்தது. அதில் தமிழ்ப் பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் இறந்தார்கள். தெற்கில் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தது. ஜனாதிபதி பிரேமதாச போகச் சொன்னார், 1990 மார்ச்சில் கடைசிப் படையும் கப்பலேறியது. 1991 மே 21ஆம் திகதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டார்.

கொள்கை பெரும்பாலும் தேயிலைச் செடி மாதிரி மெதுவாக வளரும். எப்போதாவது ஒரு அதிர்ச்சி வந்து அடியோடு கவ்வாத்து வெட்டிவிடும். 1991 அப்படிப்பட்ட வெட்டு. அடுத்த வருடம் இந்தியா புலிகளைத் தடை செய்தது. அதற்குப் பிறகு நீண்ட காலத்துக்கு இலங்கையின் இனப்பிரச்சினையில் நேரடியாகக் கை வைக்கத் துணியவில்லை. 2002இல் சமாதானப் பேச்சுக்கு நடுவராக நோர்வே வந்தபோது இந்தியா ஒதுங்கியே நின்றது. அதே சமயம் வேறு கதவு திறந்தது: 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். இராணுவம் போன வழியில் வியாபாரம் வந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கொப்பியில் கோடு போட்டு எழுதச் சொன்னேன். நேரு காலத்திலிருந்து இன்றுவரை இந்தியாவின் நோக்கம் பெரிதாக மாறவில்லை. இந்தத் தீவு தனக்கு எதிரானவர்களின் கைக்குப் போகக் கூடாது. மாறியதெல்லாம் கருவி. ஒரு காலத்தில் கொள்கைப் பேச்சு, ஒரு காலத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்த ஒப்பந்தம், பிறகு ஆயுதப் பயிற்சி, பிறகு இராணுவம், பிறகு ஒதுங்கல், இப்போது கடனும் வீடும் அம்புலன்ஸும். ஒரு நாட்டின் கொள்கை மாறிவிட்டது என்று செய்தி வந்தால், மாறியது நோக்கமா, கருவியா என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னான காலத்தை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் ஜெனீவா வாக்குகள். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2009இல் இலங்கைக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. 2012லும் 2013லும் இலங்கை மீதான தீர்மானத்தை ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் விலகி நின்றது, 2021லும் 2022லும் அப்படியே. ஆறு வாக்கிலும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: யுத்த காலத்தில் நடந்ததற்கு இலங்கை பதில் சொல்ல வேண்டுமா என்பது. 2013 மார்ச்சில் இதே விடயத்தில் தி.மு.க. மத்திய அரசிலிருந்து வெளியேறியது, தமிழ்நாட்டின் சூடு டில்லியில் பட்டது. விலகி நின்ற வருடங்களில் சீனா பற்றிய கவலை கூடியிருந்தது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்துபோனது, 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது.

அந்த 2017 மே 12ஆம் திகதி நான் நோர்வூட் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்தியப் பிரதமர் ஒருவர் எங்கள் மலைக்கு வந்து எங்களோடு பேசுகிறார் என்பதே நம்பமுடியாததாக இருந்தது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய வைத்தியசாலையைத் திறந்துவிட்டு வந்த மோடி, ஏற்கெனவே மலையகத்துக்கு ஒதுக்கிய 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். சனம் கைதட்டியது, நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் மட்டும் தட்டவில்லை. "எங்க அக்கா கோச்சியில போனா. அப்ப யாரும் வந்து கேக்கல தம்பி" என்றார். எனக்கு அப்பாயி நினைவு வந்தது. அவர் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை, கால் முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, "அங்க கூப்பிட்டவங்க இங்க வந்து வீடு கட்டுறாங்களா?" என்று கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே விளங்காமல்.

2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கு ஹற்றன் வரிசையில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் நின்றவன் நான். அந்த வருடம் இந்தியா எரிபொருள், உணவு, மருந்துக்கான கடன், நாணய மாற்று, கடன் தவணை ஒத்திவைப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு தனியாக 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் அனுப்ப முன்வந்தது. வெளிநாட்டுக் கொள்கை மாநிலத்தின் அதிகாரத்தில் இல்லாததால் மத்திய அரசின் அனுமதியோடுதான் அதைச் செய்ய முடிந்தது. முதலில் தமிழருக்கு என்று தொடங்கிய பேச்சு, எல்லா மக்களுக்கும் என்று மாறியது எனக்குப் பெரிய ஆறுதல். எங்களுக்கு மட்டும் மூட்டை வந்திருந்தால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது?

இதுவரை இந்தியப் பக்கமே பேசினேன். கொழும்பும் மாறியது. ஜே.வி.பி. தொடக்க காலத்தில் தன் தோழர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் தோட்டத் தொழிலாளர் இந்தியாவின் கைக்கருவிபோலச் சித்திரிக்கப்பட்டார்கள். அந்தக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். முதல் வெளிநாட்டுப் பயணமாக டிசெம்பரில் போனது புதுடில்லிக்கு. இலங்கை மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்று அங்கே சொன்னார். 1987 கடிதங்களை வாசித்தவர்களுக்கு இந்த வாக்குறுதி எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையே கையெழுத்தானது. ஐம்பது வருடத்துக்கு முன்னர் அந்த வகுப்பில் இருந்த ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அடித்து விரட்டியிருப்பார்.

அக்கா மகள் கொப்பியை மூடும்போது, "அப்ப நாளைக்கு மறுபடியும் மாறுமா?" என்றாள். மாறும். சீனாவோடு இந்தியா எப்படி இருக்கிறது, தமிழ்நாட்டில் என்ன பேசுகிறார்கள், கொழும்பில் திறைசேரி எவ்வளவு காலி என்று பார்த்துக்கொண்டிரு, எந்தப் பக்கம் மாறும் என்று உனக்கே தெரியும் என்றேன். பாஸ்போட்டை அவள்தான் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்பாயி போகவிருந்தது தலைமன்னார் வழி. அந்தப் பக்கம் இன்னும் கப்பல் வரவில்லை.